குழாய் நீரும் கப்பலின் ஓட்டமும்

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் நெடுவீதியிலே, பெல்மதுளையைக் கடந்து சென்றால் ஓப்பநாயக்க வரும். களனிவெளிப் புகையிரதம் ஒருகாலத்தில் வந்து நின்ற கடைசி நிலையம் இவ்வூரே. ஒருபுறம் தேயிலையும் இறப்பரும். மறுபுறம் வயலோரங்களிலே மாணிக்கக்கல் தேடித் தோண்டிய குழிகள். கடலுக்கும் இவ்வூருக்கும் வெகுதூரம். ஆயினும் கப்பலோட்டும் கலையின் ஒரு கணக்கை இக்குழிகளின் ஓரத்திலே நின்று கற்றுக்கொள்ளலாம்.

மாணிக்கக் குழியில் ஊறும் நீரைப் பம்பி கொண்டு இறைப்பதை நாம் கண்டிருக்கிறோம். நீர் வேகமாகப் பாயும்போது குழாயின் நுனியைக் கட்டாமல் விட்டால், அது சீறும் பாம்பைப்போல நெளிந்து துள்ளும். நீர் முன்னே பாய்கிறது. குழாய் பின்னே உதைக்கிறது. இந்த உதைப்பையே சில கப்பல்கள் தம் ஓட்டத்துக்குப் பயன்படுத்துகின்றன. கப்பலின் அடியிலுள்ள வாய்வழியே நீர் உள்ளே வரும். பம்பி அதற்கு வேகமூட்டிப் பின்புறத்தால் எறியும். கப்பல் முன்னே செல்லும்.

எறியப்பட்ட நீர்த்தாரை பின்னாலுள்ள கடலை முட்டித் தள்ளுவதாலேதான் கப்பல் நகர்கிறது என்று பலர் எண்ணுவர். அது தவறு. குழாய் துள்ளும்போது தாரை வெறுங் காற்றிலேதான் பாய்கிறது. நீரின் வேகத்தைக் கூட்ட ஒரு விசை வேண்டும். அதற்குச் சமமான எதிர்விசை நீரை எறியும் கருவியின்மேல் விழுகிறது. நியூற்றன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளுள் இதுவும் அடங்கும்.

இவ்விசையை அளப்பதற்கு ஒரு பீப்பாயும், அளவுநாடாவும், மணிக்கூடும் போதும். 200 லீற்றர்ப் பீப்பாய் 10 செக்கனில் நிரம்புகிறது என்று கொள்வோம். அப்படியானால் செக்கனுக்கு 20 லீற்றர், அதாவது 20 கிலோகிராம் நீர் வருகிறது. அடுத்து, குழாயின் வாயை நிலத்திலிருந்து 1¼ மீற்றர் உயரத்தில் கிடையாக இறுகக் கட்டுக. அவ்வுயரத்திலிருந்து நிலத்தை அடைய நீருக்கு ஏறக்குறைய அரைச் செக்கன் செல்லும். அதற்குள் அது 2½ மீற்றர் தூரம் சென்று விழுந்தால், அதன் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். இனி 20ஐ 5ஆற் பெருக்குக. விடை 100 நியூற்றன். சுமார் 10 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் விசை இது. மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கும்போது பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளல் நன்று.

இதே பம்பியை ஒரு படகில் ஏற்றுவோம். கரையிற் கட்டியிருக்கும் படகுக்கு 100 நியூற்றன் உதைப்புக் கிடைக்கும். படகு செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தில் ஓடும்போதோ, நீர் அந்த 3 மீற்றர் வேகத்துடனேயே படகின் வாய்க்குள் நுழைகிறது. பம்பி கூட்டிக் கொடுப்பது எஞ்சிய 2 மீற்றர் மட்டுமே. ஆகவே உதைப்பு 20 பெருக்கல் 2, அதாவது 40 நியூற்றனாகக் குறைந்துவிடும். படகின் வேகம் 5 மீற்றரை எட்டினால் உதைப்பே இல்லை. தாரையின் வேகத்திலிருந்து கப்பலின் வேகத்தைக் கழித்து, மீதியை ஒரு செக்கனில் எறியப்படும் நீரின் திணிவாற் பெருக்கவேண்டும். முழுக் கணக்கும் இதுவே. கழிக்க மறப்பவரே பிழைவிடுவர்.

நீரை இன்னும் வேகமாக எறிந்தால் என்ன என்று கேட்கலாம். எறியலாம், ஆனால் செலவு கூடும். கட்டிநிற்கும் படகில் 20 கிலோகிராம் நீரை 5 மீற்றர் வேகத்தில் எறிய 250 உவாற்று வலு வேண்டும். 10 கிலோகிராமை 10 மீற்றர் வேகத்தில் எறிந்தாலும் உதைப்பு அதே 100 நியூற்றன்தான். வலுவோ 500 உவாற்று. நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம்.

இக்கணக்கின் அருமையைக் கப்பல்களின் வரலாறு காட்டும். 1866ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை 'வாட்டர்விச்' என்னும் நீர்த்தாரைக் கப்பலை ஓட்டிப் பார்த்தது. பின்னர் 1883ஆம் ஆண்டளவில் தோர்னிகிராஃப்ட் கம்பனி அமைத்த நீர்த்தாரைப் படகு, அதையொத்த சுழலிப் படகுடன் ஒப்பிடப்பட்டது. சுழலிப் படகு மணிக்கு 17.3 கடல்மைல் ஓடிற்று. தாரைப் படகு 12.6 கடல்மைலே ஓடிற்று. தத்துவமே பயனற்றது என்று பலர் முடிவுகட்டியிருக்கலாம்.

பொறியியலாளர் பார்னபி அவ்வாறு விட்டுவிடவில்லை. வலு எங்கே போயிற்று என்று பகுதி பகுதியாகக் கணக்கிட்டார். படகு செக்கனுக்கு ஒரு தொன் நீரைச் சுமார் 11.4 மீற்றர் வேகத்தில் எறிந்தது. படகின் வேகம் 6.5 மீற்றர். கழித்துப் பெருக்கினால் சுமார் 5,000 நியூற்றன். தாரை தனக்குக் கிடைத்த வலுவில் நூற்றுக்கு 70க்கு மேல் பயனாக்கிற்று. பம்பியோ தனக்குக் கொடுத்த வலுவிற் பாதிக்கு மேல் வீணாக்கிவிட்டது. குற்றம் தத்துவத்தினுடையதன்று, கருவியினுடையது.

கருவி திருந்தியபோது தத்துவமும் தலைநிமிர்ந்தது. 1950களில் நியூசிலாந்தின் வில்லியம் ஹமில்டன், கற்கள் நிறைந்த ஆழமற்ற ஆறுகளிற் செல்லத்தக்க படகை நாடினார். தாரையின் வாயை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தியபோது, நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த பகுதியின் தடை நீங்கி வேகம் வெகுவாகக் கூடிற்று. தாரை காற்றிலே பாய்ந்தும் படகு விரைந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னையிலே இந்தியக் கடற்படையிற் சேர்க்கப்பட்ட 'கார் நிக்கோபார்' கப்பல், மூன்று நீர்த்தாரைகளால் மணிக்கு 30 கடல்மைலுக்கு மேல் ஓடவல்லது.

ஒரு முயற்சி தோற்றால் அதனை முற்றாகக் கைவிடுவது எளிது. எப்பகுதி தோற்றது என்று அளந்து பார்ப்பதே அறிவு. ஓப்பநாயக்கவிலே குழியிலிருந்து இறைத்து வயலில் விடும் நீருக்கு எவரும் விலை வைப்பதில்லை. ஆயினும் பீப்பாயும் அளவுநாடாவும் கொண்டு அதன் ஓரத்தில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, மாணிக்கத்தினும் அரியதொன்று அந்நீரிலே கிடைக்கக்கூடும்.