முட்டைக்குள் நுழையும் பூஞ்சை

பெருங்களத்தூர், முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கத்து மொட்டை மாடிகளில், காய்ப்பு ஓய்ந்த கத்தரியைப் பிடுங்கும்போதுதான் பலரும் அதைப் பார்க்கிறார்கள். வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கைப் போல முண்டும் முடிச்சும். பகலில் வாடி மாலையில் நிமிர்ந்த செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதுவரை கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். உண்மைக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு.

அவரை, காராமணி வேரில் முடிச்சைக் கண்டதும் பதற வேண்டாம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் முடிச்சாக இருக்கலாம். நகத்தால் தள்ளினால் தனியே கழன்று வருவது ரைசோபியம். வேரே வீங்கியிருந்து, வேரைப் பிய்க்காமல் எடுக்க முடியாவிட்டால் நூற்புழு.

இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் நுனி வழியே நுழைந்து, உள்ளே சில செல்களைப் பெரிதாக வீங்கவைத்து, அவற்றிலிருந்து உறிஞ்சியபடி அங்கேயே உட்கார்ந்துவிடும். பெண் புழு பேரிக்காய் வடிவத்துக்கு உப்பி, பசை போன்ற ஒரு பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

மண்ணுக்குள் தானாக வெகுதூரம் நகரும் உயிரினமல்ல இது. லாரி மண்ணோடும் நர்சரிக் கன்றோடும் நாம்தான் கொண்டுவருகிறோம். கொய்யாவின் கதை இதற்குச் சாட்சி. மெலாய்டோகைனி என்டரோலோபி என்ற வேர்முடிச்சு நூற்புழுவை 1983-இல் சீனாவில் அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். இந்தியக் கொய்யாவில் அது இருப்பதை 2016-இல் பதிவு செய்தவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மற்ற வேர்முடிச்சுப் புழுக்களைத் தடுக்கும் தக்காளி ரகங்களின் எதிர்ப்பு மரபணுகூட இதனிடம் பலிப்பதில்லை. சாலையோரத்தில் வாங்கும் கொய்யாக் கன்றின் வேரை ஒருமுறை பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

முன்பெல்லாம் குருணை மருந்தைத் தூவினால் வேலை முடிந்தது. ஃபோரேட் 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டுவிட்டது. கார்போஃபியூரானுக்கும் 2023-இல் கடிவாளம் விழுந்தது. வீட்டில் பறித்துச் சமைக்கும் காய்க்கு இவை தேவையுமில்லை என்பேன்.

மாற்று, மண்ணிலேயே இருக்கிறது. 1979-இல் பெரு நாட்டின் உருளைக்கிழங்கு ஆய்வாளர்கள் நூற்புழு முட்டைகளைத் தாக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி எழுதினார்கள். இன்று அதன் பெயர் பர்பூரியோசிலியம் லைலாசினம். முட்டை ஓட்டில் கைட்டின் இருக்கிறது. அதைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து ஓட்டைத் துளைத்து, உள்ளிருப்பதை இந்தப் பூஞ்சை உண்டுவிடும். பாஸ்டூரியா பெனட்ரன்ஸ் என்ற பாக்டீரியாவின் வழி வேறு. அதன் வித்துகள் மண்ணில் நகரும் இளம்புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டு வேருக்குள் சேர்ந்தே போகின்றன. புழு முழுதாக வளர்கிறது, ஆனால் அதன் வயிற்றில் முட்டைக்குப் பதில் பாக்டீரியா வித்துகள்தான் லட்சக்கணக்கில் நிறைந்திருக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் உயிருள்ள நூற்புழுவுக்குள்தான் பெருகும் என்பதால் மலிவாகப் பெருக்கி விற்பது கடினம். எனவே கடையில் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பூஞ்சையும், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவும், டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையும்தான்.

வாங்கிய பலர் 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். மருந்து என்று நினைத்து, செடி வாடிய பிறகு போடுகிறார்கள். வேருக்குள் குடியேறிவிட்ட புழுவை இவை விரட்டாது. புழு வருவதற்கு முன்பே வேரைச் சுற்றி இவை நிலைத்திருக்க வேண்டும். ஆகவே நாற்று விடும்போதே தொடங்க வேண்டும்: விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்பது பல்கலைக்கழகத்தின் வெகுநாள் பரிந்துரை. பூஞ்சையை ஈரத் தொழுஉரத்திலும் வேப்பம்புண்ணாக்கிலும் கலந்து நிழலில் இரண்டு வாரம் மூடிவைத்துப் பெருக்கிப் போட்டால் பலன் கூடும். இடையில் செண்டுமல்லி ஒரு போகம் வைப்பதும் நல்லது. அதன் வேரிலுள்ள ஒரு வேதிப்பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு.

அப்படியும் முழுதாக ஒழிக்க முடியாது. ஊட்டியில் 1961-இல் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு இன்றும் நீலகிரியில் இருக்கிறது. இறந்த தாயின் தடித்த தோலே கூடாகி, உள்ளிருக்கும் முட்டைகளைப் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறது. எண்ணிக்கையைக் குறைத்து விளைச்சலைக் காப்பதுதான் எந்த உயிரியல் முறையின் இலக்கும்.

பாக்கெட்டில் இருப்பது உயிர் என்பதால் காலாவதித் தேதியையும், கடைக்காரர் அதை வெயில் படும் அலமாரியில் வைத்திருக்கிறாரா என்பதையும் பாருங்கள். தாமிர மருந்தோடு கலக்காதீர்கள். முடிச்சு கண்ட பையின் மண்ணைச் சித்திரை வெயிலில் லேசாக நனைத்துப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி நாலைந்து வாரம் விடலாம். பூஞ்சையை அதற்குப் பிறகு சேருங்கள். முன்பே கலந்துவிட்டால் புழுவோடு அதுவும் வெந்துவிடும்.