அம்பின் அலகும் அதன் பெயர்ச்சீட்டும்

பழம்பொருள் சேகரித்தல் என்றவுடன் நாணயங்களையும் ஏட்டுச்சுவடிகளையுமே நம்மிற் பலர் எண்ணுவர். காட்டிலே வேட்டையாடி வாழ்ந்த மக்களின் வில், அம்பு, கோடரி முதலியவற்றைப் பேணத்தக்க பொருளாகக் கருதுவோர் மிகச் சிலரே. நாணயத்திலே அரசன் பெயருண்டு, ஏட்டிலே எழுத்துண்டு, அவை தம் வரலாற்றில் ஒரு பகுதியையேனும் தாமே கூறிவிடும். எழுத்தை ஆளாத மக்களின் கருவியோ வாய் திறவாது. அது எவராற் செய்யப்பட்டது, எவ்வூரது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை வேறு வழிகளாலேயே அறிதல் வேண்டும். அவ்வழிகளை நம் நாட்டு வேடரின் ஆயுதங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இத்துறையில் என்னைப் புகுத்தியது யான் இழைத்த ஒரு தவறேயாகும். பல ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் தன் காலஞ்சென்ற பாட்டனாரின் பெட்டகத்திலிருந்து இரும்பு அம்பலகு ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். பாட்டனார் மட்டக்களப்புப் பகுதியிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். அலகு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. எங்கும் துரு மூடியிருந்தது. அடியிலே வாலைப்போல் ஒடுங்கிய பகுதியில் நார் போன்ற ஏதோவொன்று கறுத்து ஒட்டியிருந்தது. அதனைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்திலே பென்சிலால் எழுதிய இரண்டு மூன்று சொற்கள் மங்கிக் காணப்பட்டன. மாணவர் யாவரும் நன்கு காணவேண்டுமென்னும் ஆர்வத்தால் யான் அவ்வலகைப் பழப்புளியும் செங்கற்றூளும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்தேன். காகிதம் குப்பைக்கூடைக்குப் போயிற்று. சில நாட்களின் பின் அம்மாணவன், இஃது எந்த ஊர் வேடருடையது என்று வினவினான். என்னால் விடை கூற முடியவில்லை. விடை அக்காகிதத்தில் இருந்திருக்கலாம் என்பது அப்பொழுதுதான் என் நெஞ்சிற் பட்டது.

அதன் பின்னரே வேடரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைத் தேடிப் படிக்கலானேன். அவற்றுள் முன்னதாக எண்ணத்தக்கது, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூல். வேடர் அம்பலகு பெறும் முறையை அவர் கூறுவது மிக்க சுவையுடையது. அம்பு வேண்டிய வேடன் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவான். தனக்கு வேண்டிய அலகின் வடிவத்திலே வெட்டிய இலையொன்றையும் உடன் வைத்துச் செல்வான். கொல்லன் அவ்வடிவப்படி அடித்து வைப்பானாயின் மேலும் இறைச்சி கொடுத்து நன்றி செலுத்துவான். மறுப்பானாயின் இரவிலே அம்பெய்து பழிதீர்ப்பான் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். முகங்காணாது நடைபெறும் இத்தகைய பண்டமாற்று இந்நாட்டிற்குப் புதிதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீனத் துறவி பாகியானும், உருவங்காட்டாத நாகரும் பேய்களும் விலை குறித்துப் பொருள் வைத்து வணிகரோடு மாற்றிக்கொண்டனர் என ஒரு செய்தி கூறியுள்ளார்.

நொக்ஸ் கூறும் செய்தி கதைபோற் றோன்றினும் சேகரிப்போன் அதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. ‘வேடர் அம்பு’ எனப் பெயரிட்டுக் காட்சிப்பெட்டியில் வைக்கப்படும் பொருளின் இரும்பு, வேடன் உருக்கியதுமன்று, அடித்ததுமன்று. சிங்களக் கொல்லனின் கைவேலை. ஆயின் வடிவத்தை வகுத்தவன் வேடன். இலையை வெட்டிய கை ஒன்று, இரும்பை அடித்த கை மற்றொன்று, தண்டையும் இறகையும் பூட்டியது மீண்டும் முதற் கை. ஆகவே, இது யாருடைய பொருள் என்னும் வினா, செய்தவன் யார், செய்வித்தவன் யார், கையாண்டவன் யார் என மூன்றாகப் பிரியும். ஒரு சொல்லாலே விடையிறுப்பவன் பெரும்பாலும் பிழைபடுவான்.

சுவிற்சலாந்து நாட்டின் பாசல் நகரத்தினரான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் என்போர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிலே ஆராய்ந்து வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டனர். அவர் திரட்டிய பொருள்கள் பாசல் நூதனசாலையில் உள்ளன. அவர்க்குப் பின் வந்த செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ என்னும் ஆங்கில நூலே இன்றும் இத்துறையினர் முதலிற் கையிலெடுப்பது. பொருளைத் தனியே வருணியாது, அதனை வைத்திருந்தோர் எவ்வூரார், எக்குலத்தார், அதனை எவ்வாறு கையாண்டனர் என்பவற்றையும் உடன் உரைத்தமையே அந்நூலின் சிறப்பு.

அந்நூலிற் கூறப்படும் ஒரு பொருளை இங்கே விரித்துரைத்தல் தகும். வேடரிடையே ‘அவுதே’ என்னும் ஓர் அம்புண்டு. அதன் அலகு மிக நீண்டது; பிடியோ குறுகியது. வில்லிலே பூட்டி எய்வதற்கு அஃது ஏற்றதன்று. இறந்தோரின் ஆவிகளை வேண்டி நிகழ்த்தும் ‘கிரிகொறஹ’ என்னும் சடங்கிலே, தேங்காய்ப்பால் வைத்த கலத்தைச் சுற்றி ஆடுவோன் அதனைக் கையிலே தாங்குவான். இதனை அறியாதான் ஒருவன் அவ்வலகைக் காண்பானாயின், யானையை வீழ்த்தும் பேரம்பு இதுவே எனத் துணிந்து எழுதிவிடுவான். வடிவம் ஆயுதத்தினது, தொழிலோ வழிபாட்டினது. நம் கோயில்களிலே முருகன் கை வேலைக் காணும் வெளிநாட்டான் ஒருவன் அதனைப் போர்க்கருவியென்று மாத்திரம் குறித்துக்கொண்டு போவானாயின் நமக்கு எத்துணை நகைப்பு விளையும்! அவுதேயை வேட்டையம்பு என எழுதும் பிழையும் அத்தகையதே.

இனி, பொருளைக் கையிலெடுத்து ஆராயும் முறையைச் சிறிது கூறுவாம். முதலில் எடையையும் சமநிலையையும் நோக்குக. பறக்கவேண்டிய அம்பு தண்டிற்கு மிஞ்சிய பாரத்தை முனையிலே தாங்காது. அடுத்து, கூர்ப்பக்கத்தை நோக்குக. பன்முறை சாணை பிடிக்கப்பட்ட அலகு நாளடைவிலே தேய்ந்து ஒடுங்கும். இரு விளிம்பும் ஒத்திரா. ஆதலின், ஒரே கூட்டத்தாரின் இரண்டு அலகுகள் அகலத்தில் வேறுபட்டமை கொண்டு அவற்றை இரு வகையெனப் பிரித்துவிடலாகாது. ஒன்று புதியது, மற்றையது நெடுநாள் உழைத்தது என்பதே உண்மையாயிருக்கலாம். கையால் அடித்த இரும்பிலே சம்மட்டியின் வடு மேடுபள்ளமாகத் தோன்றும். ஆலைத் தகட்டிலே வெட்டியெடுத்தது எங்கும் ஒரே தடிப்பாயிருக்கும். வில்லாயின் நாண் பூட்டும் இரு நுனிகளையும், கை பிடிக்கும் நடுவிடத்தையும் பார்த்தல் வேண்டும். ஏறத்தாழ ஆளுயரமுள்ள வேடர் வில், ஆண்டுக்கணக்காகப் பயன்பட்டதாயின் பிடித்த இடம் வியர்வையால் வழுவழுப்புற்றிருக்கும். மற்றைய இடம் அவ்வாறிராது. விற்பனைக்கெனப் புகையூட்டியும் எண்ணெய் பூசியும் பழமை காட்டப்பட்ட வில்லோ நுனிமுதல் அடிவரை ஒரே கருமையுடையதாயிருக்கும். பழமை எங்கும் ஒரே அளவாகப் படிவதில்லை.

இவை யாவினும் மேலானவை கட்டும் பிசினும் நாரும். இரும்பு எங்கிருந்தும் வரலாம். கட்டு, கட்டியவனின் கைப்பழக்கம். அதனாலேயே துருவை நீக்குமுன் பன்முறை சிந்தித்தல் வேண்டும். துரு படிந்த நாரிழை ஒன்று பளபளக்கும் இரும்பினும் பலமடங்கு பெறுமதியுடையது என்பதை, யான் அதனைச் செங்கற்றூளோடு கழுவிவிட்ட பின்னரே அறிந்தேன்.

வடிவ ஒற்றுமை ஒன்றையே நம்புவதால் விளையும் பிழைக்குத் தமிழகத்து வளரியை எடுத்துக்காட்டலாம். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலே மறவரும் கள்ளரும் எறிந்த பிறைவடிவான ஆயுதம் வளரியாகும். வன்மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டது. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்த தந்த வளரிகளும் சென்னை நூதனசாலைக்குச் சென்றுள்ளன. சின்னமருது தமக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்பித்தார் என வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலிலே எழுதியுள்ளார். அதே வெல்ஷ் 1801இல் மருதுசகோதரருக்கு எதிரான படையிலே நின்றவர் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

வளரி அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங்கை ஒத்திருந்தமை ஐரோப்பிய அறிஞரைக் கவர்ந்தது. ஆயுதங்களை நாடுபற்றி வகுக்காது வடிவம்பற்றி வரிசைப்படுத்திய பிற் றிவேர்ஸ் என்பார், அவுஸ்திரேலியா, இந்தியா, எகிப்து ஆகிய மூவிடத்து எறிதடிகளையும் ஒரே மரபினவாகக் கருதினார். மக்களினம் பற்றிய ஹக்ஸ்லியின் வகுப்பும் அவர்க்குத் துணையாயிற்று. 1884இல் அவர் திரட்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற்கு உரியதாயிற்று. அந்நூதனசாலை இன்றும் அம்முறையையே பெரிதும் பின்பற்றுகின்றது. ஓடும் முயலையும் பறவையையும் வீழ்த்த விரும்பும் எவனும் வளைந்த தடியொன்றைக் கண்டுபிடித்தல் இயல்பு. வளைவு ஒத்தமையால் இரத்தமும் ஒத்ததென்பது முறையான அளவையன்று.

நம்மவரும் இவ்வகையிற் குறைந்தவரல்லர். எறிந்த வளரி எறிந்தவன் கைக்கே மீளும் எனப் பெருமையோடு பேசுவோர் உளர். வளரியின் ஒரு முனை பாரமானது. பிடிக்கும் முனை இலேசானது. சுழற்றி வீசி இலக்கைத் தாக்கி வீழ்த்துவதற்கென அமைந்தது அது. மீளும் தடிக்கோ இலேசும், இரு கைகளிலும் அளவறிந்து செதுக்கிய வளைமுகமும் வேண்டும். அவுஸ்திரேலியாவிலும் வேட்டைக்குரிய பூமராங்குகளிற் பெரும்பாலன மீள்வனவல்ல. மீளாமையால் வளரிக்கு இழுக்கொன்றும் இல்லை. பகைவன் மேற் பட்ட ஆயுதம் திரும்பி வருவதற்கு ஏது உண்டு?

வேடரிடம் மீள்வோம். கிழக்குக் கரையிலே வாகரை முதலிய இடங்களில் தமிழ் பேசும் வேடர் வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் அவரைக் கரையோர வேடரெனத் தனியே வைத்து ஆராய்ந்தனர். மட்டக்களப்பிலிருந்து வந்த அலகு அன்னாருடையதா, உள்நாட்டுக் காட்டு வேடருடையதா என்பதை ஊர்ப்பெயர் ஒன்றே தெளிவித்திருக்கும். உள்நாட்டிலோ 1983இல் மதுறு ஓயாத் தேசிய பூங்கா அமைக்கப்பட்டபோது, தம்பானை வேடர் தம் வேட்டைக்காட்டிற் பெரும்பகுதியை இழந்தனர். இன்று அங்கே செல்வோர் சிறு வில்லும் அம்பும் விலைக்கு வாங்கலாம். அவற்றைப் போலியென இகழ்தல் தகாது. வேடர் கை செய்த வேடர் பொருள்களே அவை, வேட்டைப்பொருளல்ல, விற்பனைப்பொருள். வாங்கிய ஆண்டையும் அவ்வாறே எழுதிவைப்பின் அவையும் ஒரு காலத்திற் சான்றாகும். பழையனவற்றையோ விலைபேசி வாங்கிக் கடல் கடந்து அனுப்புதல் கூடாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், தொல்பொருளை உத்தரவுப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்தலைத் தடுக்கின்றது. சட்டத்தின் எல்லைக்குள் வராத பொருளாயினும், அதனைக் கையாண்டவரின் பேரர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்பதை நினைத்தல் வேண்டும். அவரை வினவினால் நூல்களில் இல்லாத செய்தி கிடைத்தலுங் கூடும்.

அம்மாணவனின் அலகை அண்மையிலே மீண்டுங் காணும் வாய்ப்புக் கிடைத்தது. இப்பொழுது அவனே ஒரு குடும்பத்திற்குத் தலைவன். அதற்குப் பெயர்ச்சீட்டு எழுதித்தருமாறு கேட்டான். யான் எழுதியது இதுவே: “இரும்பு அம்பலகு. பாட்டனார் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து கொண்டுவந்தது என்பது குடும்பத்தார் கூற்று. ஊர் தெரியாது. அடியிலே நார்க்கட்டு இருந்தது. ஊர்ப்பெயர் எழுதியதாகக் கருதத்தக்க காகிதமும் உடனிருந்தது. இரண்டும் வகுப்பாசிரியரால் அழிக்கப்பட்டன.” கீழே என் கையொப்பத்தையும் இட்டுக் கொடுத்தேன்.