வீட்டு பிராக்ஸிக்கு 443ஆம் போர்ட்: கதவைத் திறக்கும் முன் கவனம்

பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி, வீட்டிலேயே பிராக்ஸி சர்வர் நடத்துவோர் உண்டு. வெளியூரில் இருக்கும்போதும் வீட்டு இணைப்பின் வழியாகவே இணையத்தளங்களைப் பார்க்க இது உதவும்.

இதற்குப் பலர் பயன்படுத்தும் ஸ்குவிட் மென்பொருள் வழக்கமாக 3128ஆம் போர்ட்டில் இயங்கும். ஆனால், சில பொது வைஃபை இணைப்புகள் 80, 443 போன்ற ஒருசில போர்ட்டுகளை மட்டுமே அனுமதிக்கின்றன. அதனால் 443க்கு மாற முயல்வோருக்கு 'அனுமதி இல்லை' என்ற பிழைச்செய்தி வரலாம். லினக்ஸில் 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. 'ரூட்' எனப்படும் நிர்வாகிக்கே அந்த அதிகாரம் உண்டு.

அதற்காக பிராக்ஸியை முழுநேரமும் ரூட் அதிகாரத்தில் இயக்குவது ஆபத்து. மென்பொருளில் ஓட்டை இருந்தால், ஊடுருவுபவரின் கைக்கு முழுக் கணினியும் போய்விடும்.

எளிய மாற்றுவழி ரவுட்டரில் உள்ளது. 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில், வெளியிலிருந்து 443க்கு வருவதைக் கணினியின் 3128க்கு அனுப்புமாறு அமைக்கலாம். பிராக்ஸி சாதாரணப் பயனராகவே இயங்கும்.

கடவுச்சொல்லும் மறையாக்கமும் இல்லாமல் மட்டும் இதைத் திறக்கக்கூடாது. முன்பின் தெரியாதவர் அதன்வழி மோசடி செய்தால், விசாரணை முதலில் வருவது வீட்டுக்காரரின் வாசலுக்குத்தான்.