மாந்தோப்பின் மூன்று ஆண்டுகள்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரச் செம்மண்ணில் மாந்தோப்புகள். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கம் போனாலும் தோப்பு முடியும் இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. 2021 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம். பூவெடுக்கும் காலத்தில் மாமரத்துக்கு அடிக்கும் மருந்தில் ஒரு பங்கு மழையோடு இறங்கி ஓடைக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேரும். இயற்கை விவசாயம் உலகெங்கும் வளர்கிறது என்ற செய்திக்கு இந்த அடிவாரத்தில் கூடுதல் பொருள் உண்டு.

வளர்ச்சி உண்மைதான். 1999இல் உலகில் சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் நடந்த இயற்கை விவசாயம், 2023இல் ஏறத்தாழ 9.9 கோடி ஹெக்டேருக்குப் பரவியது. ஆனாலும் அது மொத்த விவசாய நிலத்தில் 2 சதவீதம்தான். அந்த ஆண்டு விற்பனை சுமார் 13,600 கோடி யூரோ. இதில் பாடுபடுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். வாங்குகிறவர்களோ பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள்.

ரசாயனம் இல்லாவிட்டால் விளைச்சல் குறையாதா? குறையும், ஆனால் எல்லாப் பயிரிலும் ஒரே அளவில் அல்ல. 2012இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த இழப்பை 5 முதல் 34 சதவீதம் வரை கணக்கிட்டது. மிகக் குறைந்த இழப்பு, மானாவாரிப் பயறு வகைகளிலும் பல்லாண்டுப் பயிர்களிலும். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. யூரியாவின் தழைச்சத்து சில நாட்களிலேயே பயிருக்குக் கிடைத்துவிடும். தொழுவுரத்தில் இருப்பதை நுண்ணுயிரிகள் சிதைத்துக் கொடுக்க வேண்டும். அது மெதுவாக நடக்கிற வேலை. சில மாதங்களில் விளைந்தாக வேண்டிய நெல்லுக்கு அந்த வேகம் போதாமல் போகலாம். ஆண்டு முழுதும் மண்ணில் வேரோடியிருக்கும் மாமரம், சத்து வரவர எடுத்துக்கொள்ளும். பழ ஈக்கும் வழி உண்டு: மெத்தில் யூஜினால் வைத்த பொறி ஆண் ஈக்களை இழுத்துக் கொல்ல, இணை கிடைக்காத பெண் ஈக்களின் இனப்பெருக்கம் குறையும்.

ஆக, இந்தத் தோப்புகள் இயற்கை முறைக்கு மிகவும் ஏற்றவை. தடை வேறிடத்தில் இருக்கிறது.

இந்திய விதிப்படி, மரப்பயிருக்கு அங்ககச் சான்று, அதாவது இயற்கை விவசாயச் சான்று, கிடைக்க மூன்று ஆண்டுகள் ரசாயனம் படாமல் இருக்க வேண்டும். அதுவரை காய் சாதாரண விலைக்குத்தான் போகும். மா விவசாயத்தில் பூவெடுத்ததும் தோப்பை வியாபாரிக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் பரவலானது. அவருக்கு அந்த ஒரு மகசூல்தான் கணக்கு. தத்துப்பூச்சியைக் கண்டால் மருந்து அடிப்பார். ஒரே ஒரு தெளிப்பு போதும், சான்றுக்கான ஆண்டுகளைத் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். இங்கே இயற்கை விவசாயத்தின் கதி நிலத்தில் தீர்மானமாவதைவிட, குத்தகைப் பேச்சில் தீர்மானமாகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அவசரப்பட்டும் பயனில்லை. 2021இல் இலங்கை ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் சரிந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது.

தமிழ்நாடு 2023இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. மாற்றக் காலத்துக்கு மத்திய அரசுத் திட்டத்திலும் மூன்றாண்டு உதவி உண்டு. அந்த உதவியை மாந்தோப்புகளில் பல ஆண்டுக் குத்தகையோடு இணைக்க வேண்டும். மருந்து அடிக்கக் கூடாது என்பது குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.