அபத்த நாடக மேடையில் அதிமானிடன்

சித்திரக்கதை நாயகனாகிய அதிமானிடன் மேடைக்கு எளிதில் இசைபவன் அல்லன். 1938ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய சூப்பர்மேன், தாளின் மீது தடையின்றித் தாவினான். பின்னர்ப் பறக்கவும் கற்றான். தாளில் பறப்பதற்கு மை போதும். மேடையிலோ நடிகனின் உடல் நிலத்தை விட்டு எழ மறுக்கிறது. பெருமுதல் உடையோர் இக்குறையைப் பொறிகளால் மறைக்க முயல்வர். 2011இல் நியூயார்க்கில் அரங்கேறிய ஸ்பைடர்மேன் இசைநாடகத்திற்கு ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவாயிற்று. நடிகர் சிலர் காயமுற்றதுதான் மிச்சம். அத்தகைய முதல் இல்லாத சிறு குழுவினர் என் செய்வர்? குறையையே நகைச்சுவைக்கு முதலாக்குவர்.

இதற்கு நாம் காட்டத்தக்க சான்று, சிகாகோ நகரின் ஆர்கானிக் தியேட்டர் குழுவினர் 1971இல் நடித்த 'வார்ப்!' என்னும் நாடகமாகும். ஸ்டூவர்ட் கார்டனும் அவர்தம் துணைவியாரும் நிறுவிய குழு அது. நாடகத்தின் நாயகன் டேவிட் கார்சன் ஒரு வங்கி ஊழியன். திடீரென வேறோர் உலகிற்கு ஈர்க்கப்படும் அவன், தான் பேரண்டத்தைக் காக்க வந்த கியூமுலஸ் பிரபு என அறிகிறான். அவனுடைய பகைவனின் பெயரே 'குழப்பம்' என்று பொருள்படும் கேயாஸ்! கதை மூன்று பகுதிகளாகத் தொடரும் வகையில் அமைக்கப்பட்டது.

இதனை அபத்த நாடகம் எனலாமா? 1961இல் மார்ட்டின் எஸ்லின் நூலெழுதி நிலைநிறுத்திய அவ்வகைமையில் இது முழுமையாக அடங்காது. அயனெஸ்கோவின் 'காண்டாமிருகம்' நாடகத்தில் ஊரார் ஒருவர்பின் ஒருவராக விலங்காகின்றனர். எஞ்சிய ஒருவன் மனிதனாகவே நிற்க முயல்கிறான். அங்கே உருமாற்றம் அச்சந்தருவது. 'வார்ப்!' நாடகத்திலோ எளியவன் ஒருவன் தேவனுக்கு நிகராகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. எனினும், கூண்டுக்குப் பின் அமர்ந்து பிறர் பணத்தை எண்ணுபவன் பேரண்டத்தையே காக்க நேர்வதில் உள்ள பொருத்தமின்மை அபத்தத்தின் பாற்பட்டதே. இவ்வகை நாடகத்தில் நடிகன் ஒருபோதும் தானே சிரித்துவிடலாகாது. அட்டை வாளை மெய் வாளாக எண்ணி அவன் ஏந்தும்போதுதான் அவையோர் சிரிப்பர். சிரித்துக்கொண்டே நம்பவும் செய்வர். எள்ளலும் நம்பிக்கையும் ஒருங்கே நிகழும் இவ்விடமே இக்கலையின் உயிர்நிலை என்பது நம் கருத்து.

சிகாகோவில் வரவேற்பைப் பெற்ற அந்நாடகம், 1973 பிப்ரவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில், 1,000 பேருக்கு மேல் அமரும் அம்பாசடர் அரங்கிற்குச் சென்றது. சித்திரக்கதை ஓவியர் நீல் ஆடம்ஸின் கைவண்ணமும் துணை நின்றது. ஆயினும் ஒரு வாரத்திற்குள் திரை விழுந்தது. நாடகம் மாறவில்லை, நடிகனுக்கும் அவைக்கும் இடைப்பட்ட தொலைவு மாறிற்று. சிற்றரங்கில் வறுமையின் குறும்பாகத் தோன்றியது, பேரரங்கில் வெறும் வறுமையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். மேலும், அங்கு நடிக்கப்பெற்றது முதற்பகுதி மட்டுமே. தொடர்கதையின் முதல் இயலை மட்டும் படித்தவர் நிலையே அந்நகரத்தாருக்கும் வாய்த்தது.

குழு ஊர் திரும்பியது. அடுத்த ஆண்டே, அன்று புகழ்பெறாதிருந்த டேவிட் மாமெட்டின் நாடகமொன்றை அரங்கேற்றியது. அந்த வங்கி ஊழியனும் மறக்கப்படவில்லை. சித்திரக்கதையைப் பார்த்து எழுந்த அந்நாடகத்தை, 1983இல் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் நிறுவனம் சித்திரக்கதையாகவே வெளியிட்டது. தாளில் அவனைப் பறக்கச் செய்வது எளிதாகவே இருந்திருக்கும்.