மண்ணை அள்ளவும் ஒரு பயிற்சி!

“மண்ணை அள்ளிப் பையில் போடறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஒரு நாள் பூரா போகணுமா?”

வேளாண் அறிவியல் நிலையத்தில் நடந்த பயிற்சிக்கு நான் கிளம்பிய அன்று என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு போகம் பட்டுத் தெளியாவிட்டால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

திண்டிவனம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை போடுவோம். எங்கள் பக்கம் மணிலா என்பார்கள். மண்ணைப் பரிசோதித்து உரம் போட்டால் செலவு மிச்சமாகும் என்று கேள்விப்பட்டு, என் கணவர் மண்வெட்டியோடு போனார். கிணற்றடி மூலையில் ஒரே ஒரு குழி. அந்த மண்ணைக் காலி யூரியா சாக்கில் அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த முடிவில் சாம்பல் சத்து ‘அதிகம்’ என்று இருந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பொட்டாஷ் உரம் வாங்குவதை இரண்டு போகம் நிறுத்தினோம். செடி என்னவோ நின்றது. பிடுங்கிப் பார்த்தால் காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான்; அதிலும் பருப்பு சூம்பிக் கிடந்தது. மழையும் சரியில்லைதான். ஆனாலும் என் வளையலை அடகு வைத்துச் செய்த சாகுபடி ஆயிற்றே! “அந்த லேபே மோசம்” என்று அவர் திட்டித் தீர்த்தார்.

பயிற்சிக்கு நாங்கள் இருபது பெண்கள் வந்திருந்தோம். பாதிப் பேர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். பாடம் நடத்திய அம்மாளுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே, “சோறு வெந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?” என்று கேட்டார். “ஒரு சோறு எடுத்து நசுக்கிப் பார்ப்போம்” என்றோம். “பானையில் எல்லாச் சோற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீ. உங்கள் நிலம் அப்படியா?” என்றார்.

நாங்கள் விழித்தோம்.

ஒரு ஏக்கரில் மேலாக உள்ள அரை அடி மண்ணை மட்டும் நிறுத்தால் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ வருமாம். அதற்காக நாம் கொடுப்பது அரைக் கிலோ. அதிலும் லேபில் ஒவ்வொரு சோதனைக்கும் எடுப்பது சில கிராம்தான். அந்தச் சில கிராம் முழு நிலத்துக்கும் பேச வேண்டும் என்றால், அள்ளுகிறவள் கையில்தான் எல்லாம் இருக்கிறது. எத்தனை உசத்தியான மெஷின் இருந்தாலும், கொடுத்த மண்ணைப் பற்றித்தானே அது சொல்லும்?

பிறகு வயலுக்குப் போனோம். நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால், மரத்தடி, எருக்குழி, கிணற்றடி, உரம் கொட்டி வைத்த இடம் ஆகிய எதுவும் கூடாது. மேலே கிடக்கும் சருகையும் புல்லையும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் குழி வெட்டி, வெட்டிய மண்ணை அப்புறம் போட்டுவிட வேண்டும். நமக்கு வேண்டியது குழியின் சரிவிலிருந்து, மேலிருந்து அடி வரை ஒரே கனமாகச் செதுக்கி எடுக்கும் மண். தேங்காய்க் கீற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். நான் அவசரத்தில் குழியின் அடியில் கிடந்த உதிரி மண்ணை அள்ளி வாளியில் போட்டேன். வாளி முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து எடுக்க வைத்தார் அந்தப் பெண்! நெல், மணிலா, கேழ்வரகுக்கு அரை அடி ஆழம். கரும்பு, பருத்தி, வாழைக்கு முக்கால் அடி, அதாவது ஒரு சாண். பழத் தோட்டம் என்றால் ஓர் அடி, இரண்டடி, மூன்றடி என்று தனித்தனியாக எடுக்க வேண்டும்.

நிலத்தில் ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் களிமண் என்றால் இரண்டையும் கலக்கவே கூடாது. நுண்ணூட்டம் பார்ப்பதாக இருந்தால் இரும்புக் கருவி வேண்டாம். மரக் குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் போதும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் மண்ணைப் போட்டுவிட்டு, வயலில் துத்தநாகம் குறைவா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

சேர்த்த மண்ணைச் சுத்தமான விரிப்பில் பரப்பி, விரலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நான்கு பங்காக்கி, எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட வேண்டும். மீதியைக் கலந்து, மறுபடி நான்காக்கி, மறுபடி தள்ளி, அரைக் கிலோ நிற்கும் வரை இதே வேலை. வெயிலில் குனிந்து நிமிர்ந்து எடுத்த மண்ணை வீச மனசே வரவில்லை, போங்கள்! ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, துணிப் பையிலோ புதுப் பிளாஸ்டிக் பையிலோ போட வேண்டும். உரச் சாக்கு வேண்டவே வேண்டாம். பெயர், ஊர், சர்வே எண், முன்பு போட்ட பயிர், இனிப் போடப் போகும் பயிர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, பைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்க வேண்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். உரம் போட்டிருந்தால் மூன்று மாதம் பொறுத்துத்தான் மண் எடுக்க வேண்டும். அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு எரு போடுவதற்கு முன்னால் எடுப்பதே நல்லது.

“கிணற்றடியில் எடுக்காதீர்கள்” என்று அவர் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கிணற்றடி மூலையில்தான் என் மாமியார் வருஷக்கணக்காக அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிறார்! சாம்பல் சத்து என்று பெயரிலேயே இருக்கிறதே, எங்களுக்குத்தான் புரியவில்லை. லேப்காரர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். எங்கள் சாம்பல் மேட்டைப் பற்றிச் சொன்னார்கள்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானில் தொடங்கியது. அட்டையில் 12 விவரங்கள் வரும். ஆரம்பத்தில் பாசன நிலமானால் இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்கு, ஒரு மாதிரி என்று கணக்கு வைத்தார்கள். என்னைப் போல் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவளுக்குத் தன் நிலத்து மண் தனியாகத் தெரிய வேண்டாமா? அதற்கு நாமே எடுக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி. கற்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் ஏற்பட்டது. இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. 2024 ஜூனில் வாராணசியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுய உதவிக் குழுப் பெண்களுக்கு ‘கிருஷி சகி’ சான்றிதழ் கொடுத்தார்கள். மண்வளமும் அவர்கள் படித்த பாடங்களில் ஒன்று.

வீட்டுக்கு வந்த மறுவாரமே நானும் அவரும் வயலில் இறங்கினோம். இருபத்தைந்து இடங்கள். நான் செதுக்க, அவர் வாளி பிடித்தார். முதலில் கொஞ்சம் முறைப்பு, பாதி வயல் தாண்டியதும், “ஏம்மா, இங்க மண்ணு நிறம் மாறுதே, தனியா எடுக்கணுமா?” என்று அவரே கேட்டார். புது முடிவில் சாம்பல் சத்து ‘குறைவு’ என்று வந்தது. அதன்படி இந்தப் பட்டத்துக்குப் பொட்டாஷ் போட்டிருக்கிறோம். மணிலா இன்னும் நிலத்தில்தான் இருக்கிறது. என் வளையலும் அடகுக் கடையில்தான்.

“அப்போ சாம்பலை எங்கதான் கொட்டறது?” என்று மாமியார் கேட்கிறார். “ஒரே இடத்தில் வேண்டாம் அத்தை, தென்னை மரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்” என்று சொல்லியிருக்கிறேன்.