கத்தரிக்காய், கருவாட்டை நிறுத்தினா சோரியாசிஸ் சரியாகுமா? செட்டிநாட்டுச் சாப்பாட்டில் எதை விடணும், எதை விட வேண்டாம்?

காரைக்குடி பக்கம் யாருக்காவது முழங்கையில் வெள்ளைச் செதில், காலில் தீராத அரிப்பு என்று ஆரம்பித்தால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். "கத்தரிக்காயை நிறுத்து, கருவாட்டைத் தொடாதே, நண்டுப் பக்கமே போகாதே." அடுத்த வாரம் பால் போகும், அதற்கடுத்து முட்டை போகும். கடைசியில் தட்டில் ரசம் சாதம் மட்டும்தான் மிஞ்சும். அரிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தக் கட்டுப்பாடுகளில் எது வேலை செய்கிறது?

முதலில் ஒரு விஷயம். சோரியாசிஸ், எக்ஸிமா எனப்படும் கரப்பான், நாள்பட்ட தடிப்பு, வெண்புள்ளி எல்லாமே தோலில் தெரிந்தாலும் நான்கும் வேறு வேறு நோய்கள். ஒருவருக்குக் கேட்ட பத்தியம் இன்னொருவருக்குக் கேட்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பட்டியல் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

சோரியாசிஸ்: பிரச்சினை கத்தரிக்காயா, எடையா?

சோரியாசிஸ் ஒவ்வாமை நோய் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்பட்டு, தோல் செல்கள் அளவுக்கு மீறி வேகமாக வளர்வதால் வருவது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. 2014-ல் உலக சுகாதார சபை இதைத் தீவிரமான தொற்றா நோய் என்று அங்கீகரித்தது.

உணவு விஷயத்தில் இதுவரை உறுதியான ஆதாரம் கிடைத்திருப்பது எடைக் குறைப்புக்குத்தான். 2018-ல் அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளை, அதுவரை வந்த ஆய்வுகளை அலசி உணவுப் பரிந்துரைகளை வெளியிட்டது. அதில் அழுத்தமாகச் சொன்னது ஒன்றே ஒன்று: எடை அதிகமாக இருக்கும் நோயாளிகள் கலோரியைக் குறைத்து எடையைக் குறைக்க வேண்டும். கோதுமையை நிறுத்துவது, குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் சப்பாத்தியை நிறுத்தத் தேவையில்லை.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். சோரியாசிஸை எரியவைப்பதும் அதே வகை வேதிப்பொருட்கள்தான். டென்மார்க்கில் உடல் பருமன் உள்ள 60 சோரியாசிஸ் நோயாளிகளை வைத்து 16 வாரம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. உணவைக் குறைத்தவர்களுக்கு எடை நன்றாக இறங்கியது, அன்றாட வாழ்க்கைத் தரம் தெளிவாக மேம்பட்டது. தோலிலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் அது புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. அதாவது, எடை குறைப்பது மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல.

இந்தக் கண்ணோடு செட்டிநாட்டு இலையைப் பார்த்தால் வில்லன் மாறிவிடுகிறார். வெண்டைக்காய் மண்டி, கீரை, தண்ணிக்குழம்பு எல்லாம் நல்ல சாப்பாடு. கல்பாசியும் அன்னாசிப்பூவும் சோரியாசிஸைக் கிளப்புகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. கணக்கை ஏற்றுவது எண்ணெயில் பொரித்த சீயம், கந்தரப்பம், அதிரசம், சர்க்கரையும் நெய்யும் சேர்த்த கவுனி அரிசி. கவுனி அரிசி நல்லதுதான். ஆனால் மேலே கொட்டும் சர்க்கரையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மீனை நிறுத்துவதும் தேவையற்றது. பிரான்ஸில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அளித்த ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. காய்கறி, பயறு, மீன் அதிகமுள்ள மத்திய தரைக்கடல் பாணி உணவுக்குப் பக்கத்தில் சாப்பிட்டவர்களிடம் கடுமையான சோரியாசிஸ் குறைவாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. தொண்டிக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது மத்தி, அயிலைக் குழம்பை ஒதுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை, மீன் ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர.

மது விஷயம் வேறு. அது சோரியாசிஸை மோசமாக்கும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுப்பவர்கள் குடித்தால் கல்லீரலுக்கு இரட்டை அடி.

அப்போ கத்தரிக்காய் அரிக்கும்னு சொல்றது பொய்யா?

முழுப் பொய் இல்லை. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 741 பேரிடம் இதையே சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 9 சதவீதம் பேருக்குக் கத்தரிக்காய் ஏதோ ஒரு விதத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த உண்மையான ஒவ்வாமை 0.8 சதவீதம் பேருக்குத்தான். அதாவது பாட்டி சொன்னது சிலருக்குப் பொருந்தும், ஊருக்கே பொருந்தாது.

நண்டு, இறால் ஒவ்வாமையும் நிஜம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அதை விட்டே ஆக வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. காரமும் சூடும் வியர்வையைக் கிளப்பி, சில வகைத் தடிப்புகளில் அரிப்பைக் கூட்டும். ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். வெண்புள்ளிக்காகப் புளிப்பையும் மீனையும் நிறுத்துவதால் பலன் என்று நிரூபணம் இல்லை.

சித்த மருத்துவப் பத்தியம் என்ன சொல்கிறது?

சோரியாசிஸைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்கிறார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் ஊதா நிறத் தைலம் இதற்குப் பரவலாகத் தரப்படுகிறது. பலரும் கவனிக்காத ஒன்று: பத்தியம் மருந்து சாப்பிடும் காலத்துக்கானது. அது முடிந்தபின் வழக்கமான உணவுக்குத் திரும்ப மறுபத்தியம் என்ற முறையே இருக்கிறது. ஆயுள் முழுக்க எல்லாவற்றையும் விட்டுவிடு என்பது வீட்டில் சேர்த்துக்கொண்டது.

ஆபத்து எங்கே?

குழந்தைகளிடம். கரப்பான் உள்ள குழந்தைக்குப் பால், முட்டை, பயறு என்று வரிசையாக நிறுத்தினால் வளர்ச்சி பாதிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட நாள் நிறுத்திய உணவைத் திடீரென்று கொடுக்கும்போது, முன்பு லேசாக அரித்த குழந்தைக்கு இப்போது கடுமையான ஒவ்வாமை வரலாம். 2008-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, முட்டை ஒவ்வாமை உறுதியான குழந்தைகளுக்கு முட்டையை நிறுத்துவது உதவலாம் என்றது. பரிசோதனையே செய்யாமல் கரப்பான் உள்ள எல்லோருக்கும் உணவை நிறுத்துவதில் பலன் தெரியவில்லை.

பெரியவர்களிடம் ஆபத்து மருந்தை நிறுத்துவதில். "பத்தியம் இருக்கேன், மாத்திரை எதுக்கு?" என்று ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று விட்டால், சோரியாசிஸ் உடல் முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளமாக வெடிக்கலாம். அது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளிலும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருந்தால் இதே கதிதான்.

சந்தேகம் இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நோட்டில் தினமும் சாப்பிட்டதையும் அரிப்பையும் எழுதி வையுங்கள். ஒரே ஒரு உணவை மட்டும் மூன்று, நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்கள். நிறுத்தும்போது குறைந்து, சேர்த்தபோது திரும்ப வந்தால் சந்தேகம் நியாயமானது. ஐந்தையும் ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று தெரியவே தெரியாது. குழந்தைகளுக்கும், முன்பு மூச்சுத் திணறல் வந்தவர்களுக்கும் இந்தச் சோதனை வீட்டில் கூடாது. நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கப்படும் ஐஜிஜி டெஸ்டுகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவை ஒவ்வாமையைக் காட்டாது, ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியதைத்தான் காட்டும்.